அடி விழுவதில்லை

போன தை மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. காலையில் சமயபுரத்தில் மொட்டை அடித்துக் காது குத்திவிட்டு, மண்ணச்சநல்லூர் வீட்டுக்கு வந்து பந்தி முடித்து, எல்லோரும் திண்ணையில் சாய்ந்திருந்தோம். அக்காவின் மூத்தவன் நாலாம் வகுப்பு. அவனுடைய வலது கை விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. ஸ்கேலைப் படுக்கவைத்து அடித்தால் உள்ளங்கை சிவக்கும், அவ்வளவுதான். விளிம்பைத் திருப்பி முட்டியில் அடித்தால்தான் இப்படி வீங்கும். அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் பார்த்தவுடன் தெரியும்.

"திங்கக்கிழம ஸ்கூல்ல போய்க் கேக்கப்போறேன்" என்றாள் அக்கா.

"எதுக்குக் கேக்கணும்? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு பெரியவங்க சும்மாவா சொல்லிவெச்சாங்க?" என்றார் பெரியப்பா.

கல்லூரியில் படிக்கும் சித்தி மகள் சட்டென்று சொன்னாள்: "அது ரொம்பக் கேவலமான பழமொழி, பெரியப்பா."

பெரியப்பா கோபப்படவில்லை. சிரித்தார். "உங்களுக்கு அர்த்தம் தெரியலம்மா. அங்க அடின்னா இறைவனோட திருவடி. ஆண்டவன் திருவடி உதவுற மாதிரி கூடப்பொறந்தவன்கூட உதவமாட்டான்னு அர்த்தம். காலப்போக்குல நம்ம ஆளுங்க திரிச்சுட்டாங்க."

திண்ணையே தலையாட்டியது. "அட, ஆமால்ல?" என்றார் ஒருவர். தமிழின் ஆழத்தைப் பற்றி இன்னொருவர் ஒரு வார்த்தை சொன்னார். பையன் வீங்கிய கையைக் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

நானும் பேசாமல்தான் இருந்தேன். அன்றைக்குப் பேசியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்ததைக் கவனியுங்கள். ஒரே நிமிடத்தில் ஒரே பழமொழி இரண்டு வேலை பார்த்தது. முதலில் பையன் வாங்கிய அடியை நியாயப்படுத்த வந்தபோது 'அடி' என்பதற்கு அடி என்றுதான் பொருள். எதிர்த்து ஒரு குரல் வந்ததும் அதே 'அடி' கோயிலுக்குள் ஓடித் திருவடியாகிவிட்டது. ஆபத்து நீங்கினால் மறுபடி ஸ்கேலாக வெளியே வரும். இதை நம் ஊரில் தமிழ் ஆராய்ச்சி என்கிறார்கள்.

*

நியாயமாகப் பார்த்தால் 'அடி' என்ற சொல்மேல் எனக்குக் கோபம் வரக்கூடாது. இத்தனை வேலை செய்கிற சொற்கள் தமிழில் குறைவு.

எங்கள் ஊர் அரிசி ஊர். மண்ணச்சநல்லூர் பொன்னி என்று மூட்டையில் பேர் போட்டால் தனி மரியாதை. வயலிலிருந்து மில் வரைக்கும் கூடவே வருவது இந்த ஒரு சொல்தான். குறுவை அறுத்த தாளின் அடியிலேயே அடுத்த போகம் நட்டால் அது தாளடி. பயிருக்கு மருந்து அடிக்கிறார்கள். விளைந்தால் கதிர் அடிக்கிறார்கள். மில்லிலிருந்து லாரி லோடு அடிக்கிறது. விலை சரிந்தால் அடிமாட்டு விலை. வியாபாரி கொள்ளை அடிக்கிறான். துட்டு வந்ததும் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். வராதவன் தலையில் அடித்துக்கொள்கிறான்.

மொழிக்குள் புதிதாக வரும் எந்த வேற்றுமொழிச் சொல்லுக்கும் வாசலில் நின்று வினைச்சொல் உரிமம் தருவதும் இதுதான். சைட் அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், கமெண்ட் அடிக்கிறோம், ஃபோன் அடிக்கிறோம். நான் சம்பளத்துக்குச் செய்யும் வேலையே கோடு அடிப்பதுதான். 'போர் அடிக்குது' என்று ஒரு கல்லூரி மாணவன் சொன்னால், நூறு வருடம் முந்தைய விவசாயிக்கு அது சந்தோஷமான செய்தியாகக் கேட்டிருக்கும். களத்தில் போரடிக்கிறார்கள், நெல் வந்துவிட்டது என்று.

வெயில் அடிக்கிறது, காத்து அடிக்கிறது, வாடை அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, லாட்டரி அடிக்கிறது. 'அடிச்சுச் சொல்றேன்' என்றால் உறுதியாகச் சொல்கிறேன். 'அவனை அடிச்சுக்க ஆளில்லை' என்றால் அவனே சிறந்தவன். 'அவர் பேரு அடிபடுது' என்றால் பதவியோ வழக்கோ ஏதோ ஒன்று வரப்போகிறது.

பெயர்ச்சொல் பக்கம் போனால் இன்னொரு உலகம். அடிவயிறு, அடிமனசு, அடிவானம், அடிவாரம், அடிப்படை. பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. குறளுக்கு இரண்டு அடி. இரண்டு சீர் வந்தால் குறளடி, மூன்று வந்தால் சிந்தடி, நான்குக்கு அளவடி, ஐந்துக்கு நெடிலடி. ஆங்கிலத்திலும் பாதத்துக்குள்ள சொல் யாப்பில் வருகிறது. ஆனால் அது நம் சீருக்குச் சமம், வரிக்கு அல்ல. போதாததற்கு, கொஞ்சும்போதும் திட்டும்போதும் ஒரு பெண்ணைக் கூப்பிட 'அடியே'.

இத்தனையும் ஒரே சொல்லா? இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் பாதம் என்ற அடியும் அடித்தல் என்ற அடியும் தனித்தனிப் பதிவுகள். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இரண்டையும் பிரித்தே வைக்கிறது. கன்னடத்தில் பாதத்துக்கு 'அடி', தெலுங்கில் காலடிக்கு 'அடுகு' என்று அந்த வேர் ஒரு பக்கம் போகிறது. அடித்தல் வேறு வேர். மலையாளத்திலும் தமிழிலும் இரண்டும் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. என் தொழிலில் இதற்கு ஹாஷ் கொலிஷன் என்று பேர். இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒரே முகவரியில் வந்து உட்கார்ந்துகொள்வது. அதில் தப்பில்லை. ஒன்றைக் கேட்டவனுக்குத் தெரிந்தே மற்றதை எடுத்துக் கொடுப்பதுதான் தப்பு.

*

ஒரு விளக்கம் சரியா என்று பார்க்க எங்கள் தொழிலில் டெஸ்ட் கேஸ் ஓட்டுவோம். ஒன்றில் பாஸ் ஆனால் போதாது, அதே வகையிலுள்ள எல்லாவற்றிலும் ஆக வேண்டும். வாருங்கள், திருவடியை ஓட்டிப் பார்ப்போம்.

'அடியாத மாடு படியாது.' மாட்டுக்கு எந்தத் திருவடி?

'முருங்கைய ஒடிச்சு வளக்கணும், புள்ளைய அடிச்சு வளக்கணும்.' இங்கே அடி வினைச்சொல்லாக நிற்கிறது. பாதத்தை எப்படி வினையாக்குவீர்கள்?

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.' பாதத்தின்மேல் பாதம் வைத்தால் அம்மி நகருமா, விரல் நசுங்குமா?

'அடிக்கிற கைதான் அணைக்கும்.' கைக்கும் திருவடிக்கும் இங்கே என்ன பேச்சு?

நான்கிலும் ஃபெயில். பிள்ளையை, மாட்டை, பெண்டாட்டியை, பண்ணையாளை அடித்து வழிக்குக் கொண்டுவரலாம் என்று நம்பிய ஒரு சமூகம் அந்த நம்பிக்கையை ஒரு குடும்பமாகப் பழமொழிகளில் போட்டுவைத்திருக்கிறது. அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவி, குளிப்பாட்டி, நாமம் போட்டு உட்காரவைத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தச் சலவைத் தொழில் 'அடி'யோடு நிற்பதில்லை. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்ற கிண்டலை 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்று திருத்துகிறார்கள். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பதைக் 'கழு' என்று பிரித்துக் கோரைப்புல் பாய் தைக்கிறார்கள். நம் முன்னோர்கள் கிண்டல் பண்ணியிருக்கமாட்டார்கள், கொடூரமாக எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள், எல்லாம் யோகிகள் என்பதுதான் இந்தத் திருத்தங்களுக்கு அடியில் இருக்கும் ஆசை. வைத்தியரும் கழுதையும் எப்படியோ போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. 'அடி'யில் மட்டும் நஷ்டம் உண்டு. அடிபட்டவர்கள் நிஜமாக இருந்தார்கள், இருக்கிறார்கள்.

பழமொழி கொடூரமானதுதான். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது: நாங்கள் அடித்தோம் என்று ஒத்துக்கொள்கிறது. திருவடி விளக்கம் அந்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் கிழித்துப் போடுகிறது. யாரும் யாரையும் அடிக்கவே இல்லை, எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்கிறது.

*

'அடி' என்ற சொல்லை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை. சிலம்பத்தில்.

அப்போது எனக்குப் பத்து வயது. மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் சாயங்காலங்களில் கம்பு சொல்லிக்கொடுத்தார். அவித்த நெல்லைக் காயவைக்கும் சிமெண்ட் களத்தில், நெல்லைக் கூட்டி அள்ளிய பிறகு, தரைச்சூடு தணியாத நேரத்தில் வகுப்பு. பள்ளியில் இருந்தவரும் எங்களுக்கு வாத்தியார், இவரும் வாத்தியார். இவர் முதல் இரண்டு மாதம் கையில் கம்பே தரவில்லை. கால் மட்டும்தான். "அடி எடுத்து வை" என்பார். முன்னே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, திரும்பி ஒன்று. காலடி சரியாக விழுந்த பிறகுதான் கம்பு. என் நெற்றி உயரத்துக்கு மூங்கிலை அளந்து வெட்டினார். நாலு அடிக்குக் கொஞ்சம் மேலே. அதற்கப்புறம்தான் "இப்ப அடி".

அளவும் அடி, எடுத்து வைப்பதும் அடி, கம்பால் போடுவதும் அடி. அகராதியில் தனித்தனியாக இருந்த சொற்கள் களத்தில் ஒன்றாகிவிட்டன. "கால் போகாத எடத்துக்குக் கை போனா அது அடி இல்லடா, ஆத்திரம்" என்பார். இதைச் சொற்பிறப்பியலாகச் சொல்லவில்லை. ஒரு தொழில் தன் சொல்லுக்குக் கொடுத்த ஒழுக்கம் என்று சொல்கிறேன்.

இந்த ஒழுக்கம் எப்படிக் கழன்று போகிறது என்பதற்கும் சிலம்பத்திலிருந்தே உதாரணம் இருக்கிறது. நாலு பக்கமும் காலடி வைத்து, சுற்றிலும் தனக்கான இடத்தைக் காத்துக்கொண்டு கம்பு சுழற்றும் முறைக்கு 'வீடு கட்டுதல்' என்று பேர். இன்றைக்கு 'வீடு கட்டி அடிச்சாங்க' என்றால் என்ன பொருள்? ஒருவனைச் சுற்றி நின்று வெளுத்துவிட்டார்கள். வீடு கட்டுகிற கால் போய்விட்டது, தன்னைக் காக்கிற வேலை போய்விட்டது. அடி மட்டும் மிச்சம்.

சிலம்பத்தில் அடிக்கு முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. எதிரில் இருப்பவன் கையிலும் கம்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு அடியோடும் அதற்கான தடுப்பையும் சேர்த்தே சொல்லித்தருவார்கள். தலைக்கு வந்தால் இப்படித் தடு, விலாவுக்கு வந்தால் இப்படி, கணுக்காலுக்கு வந்தால் குதி. தடுக்கத் தெரியாதவனை அடிப்பது அங்கே வித்தை இல்லை. போட்டியில் கம்பு நுனியில் பொடியைத் தடவிக்கொண்டு எதிராளி உடம்பில் பொட்டு வைக்கும் வழக்கமும் இருந்திருக்கிறது. யார் யாரைத் தொட்டார் என்பது உடம்பிலேயே எழுதியிருக்கும். மறைக்க முடியாது.

வாள்வீச்சிலும் இதே கதைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், சென்னையைச் சேர்ந்த பவானி தேவி சேபர் பிரிவில் முதல் ஆட்டத்தை 15க்கு 3 என்று ஜெயித்தார். ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் அவர். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் ப்ரூனேவிடம் தோற்றார். அந்த ஆட்டங்களில் தொட்டதும் விளக்கு எரிகிறது. மின்கருவி 1936 ஒலிம்பிக்கில் எப்பே பிரிவுக்கு வருவதற்கு முன்னால் தொட்டதைக் கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் காலத்து மரியாதைப்படி, அடி பட்டவரே 'தூஷே' என்று சொல்வார். பிரெஞ்சில் 'தொடப்பட்டேன்' என்று பொருள். தோற்றவன் வாயால் வரும் ஒப்புதல் அது. அதில் அவமானம் இல்லை, ஏனென்றால் சொல்கிறவன் கையிலும் வாள் இருக்கிறது. அடுத்த சுற்றில் அவனும் தொடலாம்.

இப்போது இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: "சார்கிட்ட அடி வாங்கினேன்."

*

இந்த வாக்கியத்தில் என்ன நடக்கிறது? 'வாங்கினேன்.' கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினது மாதிரி. தமிழில் அடியைப் பற்றிப் பேச நமக்குப் பழகிய வாக்கியங்கள் மூன்று. அடி வாங்கினேன். அடி விழுந்தது. அடி பட்டது. முதலாவதில் பொறுப்பு முழுக்க வாங்கினவனுடையது. இரண்டாவதில் அடி மழை மாதிரி வானத்திலிருந்து விழுகிறது. மூன்றாவதில் தூசு மாதிரி வந்து படுகிறது. மூன்றிலும் இல்லாத ஒருவர் இருக்கிறார். அடித்தவர்.

நான்காவது வாக்கியம் ஒன்றும் தமிழில் இருக்கிறது. ரொம்ப எளிமையானது. 'அவர் என்னை அடித்தார்.' சின்ன வயதில் நாங்கள் யாரும் வீட்டில் போய் இப்படிச் சொன்னதில்லை. 'அடி விழுந்துச்சு' என்போம். "நீ என்ன பண்ணே?" என்பதுதான் அடுத்த கேள்வி. வாக்கியத்தின் அமைப்பே அந்தக் கேள்விக்கு வழிவிட்டுத்தான் நிற்கிறது.

என் வகுப்பில் பின் பெஞ்சில் ஒருவன் இருந்தான். பேர் வேண்டாம், பள்ளியின் பேரும் வேண்டாம். கணக்கு அவனுக்கு என்னைவிட வேகமாக வரும். மில் களத்தில் அப்பாவோடு நின்று மூட்டைக் கணக்கை மனசிலேயே போட்டுப் பழகினவன். ஆனால் வாய்ப்பாட்டை வரிசையாக ஒப்பிக்க வராது, நடுவில் திக்கும். திக்கினால் பிரம்பு. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அடி விழுந்தது, அதில் சமத்துவம் இருந்தது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. எனக்கு உள்ளங்கையில் இரண்டு. அவனுக்கு முழங்காலுக்குப் பின்னால், எண்ணாமல். என் அப்பாவை வாத்தியாருக்குத் தெரியும். அவன் அப்பாவை அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருந்ததில்லை. அவன் தெரு அப்படி. ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. "படிப்பு ஏறல" என்றார்கள். இதையும் பாருங்கள். இங்கேயும் ஏறாமல் போனது படிப்பு. யாரும் எதுவும் செய்யவில்லை.

இந்த இலக்கணம் வகுப்பறையோடு முடிவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் இருந்து, ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்பது புகார். போலீஸ் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கை என்ன சொன்னது? அவர்கள் தரையில் உருண்டு புரண்டதில் உள்காயம் ஏற்பட்டது என்றது. 'ஏற்பட்டது.' தமிழ்நாட்டில் கைதாகிறவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்வதைப் பற்றி நாம் மீம் போட்டுச் சிரிக்கிறோம். சிரிக்கும் அந்த வாக்கியத்திலும் வழுக்கினவர் இருக்கிறார், அடித்தவர் இல்லை. சாத்தான்குளத்தில் அந்த வாக்கியத்தை உடைத்தவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், இரவு முழுக்க அவர்களை அடித்தார்கள் என்று சாட்சி சொன்னார். இலக்கணப்படி அவர் செய்தது ஒன்றுதான். விட்டுப்போன எழுவாயை எடுத்து வாக்கியத்தில் வைத்தார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

*

திருவடிக்காரர்களைவிட அதிகமாக இருப்பது நன்றிக்காரர்கள். "எங்க வாத்தியார் தோலை உரிச்சார், அதனாலதான் இன்னிக்கு நான் இன்ஜினியர்." என் தலைமுறையில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. நானே சொல்லியிருக்கிறேன், கல்லூரி ஹாஸ்டலில், பெருமையாக.

இந்தக் கணக்கில் ஒரு அடிப்படைத் தப்பு இருக்கிறது. அடி வாங்கி இன்ஜினியர் ஆனவனை மட்டும் மேடையில் ஏற்றிக் கேட்கிறீர்கள். அடி வாங்கி ஏழாம் வகுப்போடு போனவனை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அவனும் அதே பிரம்பில்தான் வாங்கினான். பிரம்புதான் இன்ஜினியரை உருவாக்கியது என்றால், அதிகமாக வாங்கின அவன்தான் எனக்கு மேனேஜராக இருக்க வேண்டும்.

சிலம்ப வாத்தியாரும் அடித்தாரே என்று கேட்கலாம். அடித்தார். தடுப்பு தாமதமானால் முட்டிக்குக் கீழே சுளீரென்று விழும். பாருங்கள், எனக்கே வாய் தவறி 'விழும்' என்றுதான் வருகிறது. அவர் அடித்தார். எல்லா அடியும் வித்தை என்று நான் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடப் போவதில்லை. ஆனால் அவரிடம் அடி வரும் திசை தெரியும், என் கையில் கம்பு இருந்தது, ஒருநாள் நான் தடுத்துத் திருப்பி அவர் தோளைத் தொட்டபோது களமே கேட்க "சபாஷ்" என்றார். பள்ளியில் நான் பிரம்பைத் தடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தடுக்க அனுமதி இல்லாத இடத்தில் கொடுப்பதை அடி என்று சொல்வதே அந்தச் சொல்லுக்குக் கேவலம்.

சட்டம் இதில் குழப்பமில்லாமல் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பதினேழாவது பிரிவு: குழந்தையை உடல்ரீதியாகத் தண்டிக்கவும் கூடாது, மனரீதியாகத் துன்புறுத்தவும் கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. எங்கள் பையன் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே வந்த சட்டம். ஆனால் அந்தத் திண்ணையில் சட்டத்தைவிடப் பழமொழிக்குத்தான் வேகம் அதிகம்.

*

திருவடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே 'நான்' என்று சொல்லக் கூசி 'அடியேன்' என்று சொல்கிற மனிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரங்கனுக்கு நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த ஆழ்வார் தனக்கு வைத்துக்கொண்ட பேர் தொண்டரடிப்பொடி. கடவுளின் பாதத்தூசு என்றுகூட இல்லை, அடியவர்களின் பாதத்தூசு. என்னைப் போன்ற நம்பிக்கை இல்லாதவனுக்கும் அந்தப் பேரைக் கேட்டால் கொஞ்சம் தலை தாழும்.

அந்த அடிக்கு முன்னால் ஒரு மனிதன் தானாகக் குனிகிறான். யாரும் குனியவைப்பதில்லை. அங்கே அடிமை என்பதுகூட அவனே விரும்பி ஏற்ற பதவி. அதே காவிரி கிழக்கே போய்ப் பாயும் தஞ்சை வயல்களில் அடிமை என்றால் வேறு பொருள். பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண் அது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சங்கம் வைத்துப் போராடித்தான் அதை எதிர்த்து நிற்க முடிந்தது. அந்தச் சவுக்கடியை யாராவது திருவடி என்று விளக்கினால் காது கொடுத்துக் கேட்பீர்களா? அப்புறம் ஏன் ஸ்கேலுக்கு மட்டும் கேட்கிறீர்கள்?

பக்தர்கள்தான் முதலில் கோபப்பட வேண்டும். அவர்கள் தலையில் வைத்துக் கும்பிடுகிற சொல்லை, பிள்ளையை அடித்தவர்கள் கை துடைக்கும் துணியாக ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. பழமொழியை அகராதியிலிருந்து எடுக்க வேண்டாம். அது சொல்வதைச் சொல்கிறது என்று ஒத்துக்கொள்வோம். நம் தாத்தாக்கள் அடித்தார்கள், அதை நல்லது என்று நம்பினார்கள், அது தப்பு. மூன்று சின்ன வாக்கியம். இதைச் சொல்வதால் தமிழின் ஆழம் ஓர் அங்குலம்கூடக் குறையாது. அப்புறம், அடியைப் பற்றிப் பேசும்போது அடித்தவரையும் சேர்த்துச் சொல்லப் பழகுவோம்.

*

அன்று சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன். கை எப்படி வீங்கியது என்று கேட்டேன்.

"அடி விழுந்துச்சு, மாமா."

"எங்கேர்ந்து விழுந்துச்சு?"

சிரித்தான். "அடி வாங்கினேன்."

"எந்தக் கடையில வாங்கினே?"

இப்போது சிரிக்கவில்லை. ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். நான் அவசரப்படுத்தவில்லை. மில் வாசல் தாண்டி, லாரிகள் நிற்கும் இடமும் தாண்டியபோது, மெதுவாகச் சொன்னான்:

"கணக்கு மிஸ் என்னைய அடிச்சாங்க."

ராத்திரி அக்கா மனு எழுதச் சொன்னாள். அவன் சொன்னதையே முதல் வரியாகப் போட்டேன்: கணக்கு பாட ஆசிரியர் என் மகனை ஸ்கேலால் அடித்தார். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் என்ன சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். பேனாவை எடுத்து, 'கணக்கு'க்கும் 'பாட'வுக்கும் நடுவில் விட்டுப்போன ஒரு 'ப்' போட்டார். வேறு எதையும் மாற்றாமல் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.